பழைய ரீப்போவுக்குச் சோக் பெயின்ற்: உப்புக்காற்று வீசும் ஊரில் பூசும் முறை

தேத்தண்ணிக் கோப்பை வட்டங்களும் பேனைக் கீறல்களும் நிறைந்த பழைய ரீப்போவை (சிறு மேசையை) சில நாளில் புதிதாக்கச் சோக் பெயின்ற் போதும். மினுக்கமே இல்லாத, தடவினால் மாவு போல மிருதுவான பூச்சு அது. 1990இல் பிரித்தானியாவைச் சேர்ந்த ஆனி ஸ்லோன் இதை அறிமுகப்படுத்தினார். தேய்க்க வேண்டாம், அடியில் பிரைமர் பூச வேண்டாம், திறந்து நேரே பூசலாம் என்பதுதான் இதற்குக் கிடைத்த பெயர்.

திருகோணமலையில் அந்தப் பேச்சை அப்படியே நம்பினால் மேசை மூன்று மாதம் தாங்காது. பெயின்ற் அடிப்பது இந்த வேலையில் ஆகச் சுலபமான பகுதி. அதற்குக் கீழே என்ன இருக்கிறது, மேலே எதைப் பூசி மூடுகிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

முதலில் மேசையைப் பாருங்கள்

கவிழ்த்து வைத்து, பொலிஷ் படாத அடிப்பக்கத்தைப் பாருங்கள். பொன்மஞ்சள் நிறத்தில் அலையலையாக ஒளி விட்டு, தூக்கும்போது கை நோகும் பாரமாக இருந்தால் அது முதிரையாக இருக்கலாம். முழு முதிரைக்கோ நல்ல தேக்குக்கோ பெயின்ற் அடிக்க வேண்டாம். பழைய பூச்சைச் சுரண்டி மறுபடி பொலிஷ் போடுவதே அந்த மரத்துக்கு மரியாதை. மகோகனி, பலா, ஒட்டுப்பலகை, இரண்டு மூன்று மரம் கலந்து செய்தது, ஏற்கெனவே எனாமல் அடித்தது ஆகியவைதான் சோக் பெயின்ற்றுக்கு ஏற்றவை.

அடுத்தது உளு. மேசைக்குக் கீழே கடதாசி விரித்து ஓர் இரவு விடுங்கள். காலையில் புதிதாக மா கொட்டியிருந்தால் பூச்சி உள்ளே உயிரோடு இருக்கிறது. மரப்பாதுகாப்பு மருந்து அடித்து, மா கொட்டுவது நின்ற பிறகே மற்ற வேலை. வழக்கம் போல மண்ணெண்ணெய் ஊற்றிவிடாதீர்கள். எண்ணெய் குடித்த மரத்தில் தண்ணீரில் கரையும் பெயின்ற் பிடிக்காது.

எப்போது செய்வது

பெப்ரவரியிலிருந்து செப்டெம்பர் வரை. மாரி கொட்டும் நவம்பர், டிசம்பரில் தொடவே வேண்டாம். பூச்சு காயாமல் பிசுபிசுக்கும், கறையை அடைக்க அடியில் பூசும் அரக்கும் ஈரத்தில் வெளிறிப் பால் போலாகும். கச்சான் என்ற வறண்ட காற்று வீசும் மாதங்களில் தொல்லை நேர்மாறானது. பிரஷை எடுப்பதற்குள் பெயின்ற் காய்ந்து கோடு கோடாக நிற்கும், காற்றோடு வரும் மணலும் ஒட்டிக்கொள்ளும். அந்த நாட்களில் காலை ஆறிலிருந்து ஒன்பது மணி வரையும், பின்னேரம் நாலு மணிக்குப் பிறகும், நிழலான விறாந்தையில் செய்யுங்கள். நேர் வெயிலில் ஒருபோதும் வேண்டாம்.

வாங்க வேண்டியவை

மேற்பலகை 4 அடிக்கு 2 அடி என்று வைத்துக்கொண்டால், கால்களும் சட்டங்களும் சேர்த்துப் பூச வேண்டிய பரப்பு ஏறக்குறைய 20 சதுர அடி. அதற்கு:

- மினுக்கமில்லாத உட்சுவர் எமல்ஷன், 300 மில்லிலீற்றர் (எனாமல் அல்ல)
- பிளாஸ்டர் ஒஃப் பரிஸ், 100 மில்லிலீற்றர் அளவு. கல்சியம் காபனேற்றுத் தூள் கிடைத்தால் அது இன்னும் நல்லது
- அரக்குச் செதில் 100 கிராம், மெதிலேற்றட் ஸ்பிரிட் 500 மில்லிலீற்றர்
- தண்ணீரில் கரையும் வார்னிஷ், மினுக்கமற்றது, 250 மில்லிலீற்றர்
- ஹாட்வெயார் கடையில் சான்ட்பேப்பர் என்று கேட்கும் அரத்தாள்: 120, 180, 220, 320 இலக்கங்களில் இரண்டிரண்டு
- 2 அங்குலப் பிரஷ் இரண்டு, மரப்பசை, பழைய வேட்டித் துணி

சோக் பெயின்ற்றை ரின்னில் வாங்கினால் அரை லீற்றரே மிஞ்சும். ஆனால் வீட்டில் கலப்பது செலவு குறைவு, நிறமும் உங்கள் விருப்பம்.

படி 1: கழுவுதல்

உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கடலைப் பார்த்த வீடு என்றால் மேசை மேல் கண்ணுக்குத் தெரியாத உப்புப் படலம் கட்டாயம் இருக்கும். உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். பூச்சுக்குக் கீழே மாட்டிக்கொண்டால் அங்கேயே ஈரம் சேர்த்துக் கொப்புளம் போடவைக்கும். ஆகவே தூசி தட்டினால் மட்டும் போதாது.

ஒரு லீற்றர் இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி பாத்திரம் கழுவும் திரவம் கலந்து, பிழிந்த துணியால் துடையுங்கள். மூலை முடுக்கில் பழைய பற்தூரிகை. பிறகு சவர்க்காரம் போகும்வரை நல்ல தண்ணீரில் இரண்டு முறை துடையுங்கள். கடலோரக் கிணறு உவராக இருந்தால் அந்தத் தண்ணீர் உதவாது, உப்பைக் கழுவி உப்பையே பூசுவதாக முடியும். கந்தளாயிலிருந்து வரும் குழாய்த் தண்ணீரை எடுங்கள். மேசையை நனைத்து ஊறவைக்கவும் கூடாது, ஒட்டுப்பலகை பிரியும். ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள்.

படி 2: பழுது பார்த்தல்

ஆடும் காலில் மரப்பசை விட்டு, கயிற்றால் சுற்றிக் கட்டி, கயிற்றுக்குள் ஒரு தடியைக் கொடுத்து முறுக்கி இறுக்கி ஓர் இரவு விடுங்கள். குழிகளுக்கு அதே பசையில் மரத்தூள் குழைத்து அடையுங்கள். காயும்போது இறங்கும், ஆகவே கொஞ்சம் மேடாக வையுங்கள்.

இரும்பு ஆணித் தலைகளை விட்டுவிடாதீர்கள். தண்ணீர்ப் பெயின்ற் பட்டவுடன் அவை துருப்பிடித்து, வெள்ளைப் பூச்சில் செங்காவிப் பொட்டுகளாகத் தெரியும். ஒவ்வொரு தலையையும் தேய்த்துத் துரு நீக்கி, உலோகத்துக்கான பிரைமர் ஒரு துளி வையுங்கள்.

படி 3: தேய்த்தல்

பழைய பூச்சு முழுவதையும் உரிக்க வேண்டியதில்லை, மினுக்கம் செத்தால் போதும். 120ஆல் தொடங்கி 180ஆல் முடியுங்கள், மரத்தின் இரேகை ஓடும் திசையில் மட்டும். போதுமா என்று அறிய ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள்: முத்தாக உருண்டு நின்றால் இன்னும் தேயுங்கள், பரவினால் சரி.

மேசையில் பழைய எனாமல் இருந்தால் ஓர் எச்சரிக்கை. இலங்கையில் பெயின்ற்றுக்கு ஈய வரம்பு 2013 ஜனவரியில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் பூசியதை உலர்வாகத் தேய்த்துத் தூள் பறக்கவிடக் கூடாது. ஈரமாக்கும் அரத்தாளால் நனைத்துத் தேயுங்கள், முகக்கவசம் போடுங்கள், குழந்தைகளைத் தூர வையுங்கள், சேற்றைத் துணியில் ஒற்றியெடுத்துக் கட்டி எறியுங்கள்.

படி 4: கறையை அடைத்தல்

தொடங்குபவர்களில் பலர் தவறவிடும் படி இது. வெள்ளை அடித்த மகோகனி மேசை மறுநாள் இளஞ்சிவப்பாக நிற்கும். பலாவில் மஞ்சள் கசியும். பலா மரத்தூளை அவித்தால் துணி தோய்க்கும் சாயமே வருமென்றால், ஈரப் பெயின்ற் பட்டால் சும்மா இருக்குமா? பெயின்ற்றிலுள்ள தண்ணீர் மரத்தின் சாயத்தைக் கரைத்து மேலே இழுக்கிறது. மூன்றாவது, நாலாவது பூச்சு அடித்தாலும் ஒவ்வொரு தடவையும் புதிதாக ஈரம் படுவதால் கறை மறுபடியும் ஏறி வரும். பெயின்ற்றால் மறைக்க முடியாது, கீழே அடைக்கத்தான் வேண்டும்.

முதலில் சோதனை. அடிப்பக்கத்தில் உள்ளங்கை அகலம் வெள்ளை எமல்ஷன் பூசி மறுநாள் பாருங்கள். வெள்ளையாகவே இருந்தால் இந்தப் படியை விடலாம். நிறம் மாறினால் அரக்கு.

தச்சர்கள் பொலிஷுக்குப் பாவிக்கும் அதே அரக்குச் செதில்தான். 100 கிராமை 500 மில்லிலீற்றர் ஸ்பிரிட்டில் போட்டு, கண்ணாடிப் போத்தலில் மூடி, இடைக்கிடை குலுக்கி ஓர் இரவு விடுங்கள். தகர ரின்னில் வைத்தால் கறுக்கும். காலையில் வேட்டித் துணியில் வடியுங்கள். மெல்லியதாக ஒரு பூச்சு, ஒரு மணித்தியாலம் கழித்து இன்னொன்று. வேகமாகக் காயும், ஆகவே போன இடத்துக்குத் திரும்பிப் போய்த் தடவ வேண்டாம். ஸ்பிரிட் ஆவி தீப்பற்றும்; அடுப்பும் சாமி விளக்கும் எரியாத இடமாகப் பாருங்கள்.

படி 5: கலவை

எமல்ஷன் 3 பங்கு, பிளாஸ்டர் 1 பங்கு, தண்ணீர் 1 பங்கு, ஒரே கோப்பையால் அளந்து. பிளாஸ்டரை நேரே பெயின்ற்றில் கொட்டினால் கட்டி கட்டியாக நிற்கும். முதலில் தண்ணீரில் கரைத்துக் கூழாக்கி, பிறகு பெயின்ற்றோடு சேர்த்துக் கலக்கி, தேயிலை வடியில் வடியுங்கள்.

பிளாஸ்டர் தண்ணீரோடு சேர்ந்து இறுகும் பொருள் என்பதால் இந்தக் கலவை மணித்தியாலக் கணக்கில் தடிக்கும். ஒவ்வொரு பூச்சுக்கும் பாதிப் பாதியாக (எமல்ஷன் 150, தூள் 50, தண்ணீர் 50 மில்லிலீற்றர்) கலந்து அன்றே முடியுங்கள். தடித்த பிறகு தண்ணீர் விட்டு இளக்கினால் மணல்மணலாக வரும். மிச்சத்தைக் குழாய்த் தொட்டிக்குள் ஊற்றவும் கூடாது, குழாய்க்குள்ளே கல்லாகும். கல்சியம் காபனேற்று இறுகாது. அதனால்தான் அது நல்லது என்றோம்.

இரண்டு தவறான யோசனைகள் அடிக்கடி வரும். ‘சோக்’ என்றதும் சிலர் வெற்றிலைச் சுண்ணாம்பையோ சுவருக்கு அடிக்கும் சுண்ணாம்பையோ கலக்கிறார்கள். அது நீறிய சுண்ணாம்பு, கடும் காரம். கையைச் சுடும், நிறத்தையும் கெடுக்கும். பள்ளிக்கூடச் சோக்கட்டியை இடித்துப் போடுவதும் வேண்டாம், எவ்வளவு இடித்தாலும் பரல் மிஞ்சும்.

படி 6: பூசுதல்

மேசையைக் கவிழ்த்து கால்களில் தொடங்குங்கள், மேற்பலகை கடைசி. பிரஷைத் தண்ணீரில் நனைத்து நன்றாக உதறிவிட்டுப் பெயின்ற்றில் தோயுங்கள். அப்போது சூட்டிலும் பிரஷ் தடைப்படாமல் ஓடும். பலகையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நீளமாக இழுத்து, அடுத்த கோட்டை ஈரம் காயுமுன் சேர்த்துக்கொண்டே போங்கள். பாதி காய்ந்த இடத்தைத் திரும்பத் தொட்டால் பூச்சு சுருண்டு எழும்பும்.

முதற்பூச்சு திட்டுத் திட்டாகவே தெரியும். பயப்பட வேண்டாம், தடிப்பாக அடித்து மறைக்கவும் வேண்டாம். மறுநாள் 220ஆல் இலேசாகத் தடவி, ஈரத்துணியால் தூசி எடுத்து, இரண்டாவது பூச்சு.

காய்ந்த பிறகு விரலால் தேய்த்தால் மா போல வருகிறதா? தூள் அளவு கூடிவிட்டது. அடுத்த பூச்சில் எமல்ஷனைக் கூட்டுங்கள். வெடிப்பு விழுந்திருந்தால் கீழ்ப்பூச்சு காயுமுன் மேற்பூச்சைத் தடிப்பாக அடித்திருப்பீர்கள். அந்த இடத்தை மட்டும் தேய்த்துச் சமப்படுத்தித் திரும்பப் பூசலாம். பழமைத் தோற்றம் வேண்டுமென்றால் கை படும் ஓரங்களில் மட்டும் 220ஆல் தேய்த்து மரம் தெரியவிடுங்கள். எல்லா இடமும் தேய்த்தால் பழமை அல்ல, பழுதுதான் தெரியும்.

படி 7: மூடுதல்

மூடாத சோக் பெயின்ற் துணி மாதிரி. ஒரு சொட்டு மீன்குழம்பு போதும். வெளிநாட்டுக் காணொளிகளில் எல்லாரும் மெழுகு தேய்ப்பார்கள். இங்கே மேற்பலகைக்கு மெழுகு வேண்டாம். தேன்மெழுகு உருகுவது 62 முதல் 64 பாகை செல்சியசில். கடையில் வரும் மென்மெழுகு அதற்கு வெகு முன்பே இளகும். சுடச்சுடத் தேத்தண்ணிக் கோப்பை வைத்த இடத்தில் வட்டம் விழும், மே மாத வெக்கையில் தூசி ஒட்டும். கால்களுக்கு மெழுகு போடலாம். ஆனால் ஒன்று: மெழுகு தேய்த்த இடத்தில் பிறகு வார்னிஷ் பிடிக்காது.

மேற்பலகைக்குத் தண்ணீரில் கரையும் வார்னிஷ் மூன்று பூச்சு. எண்ணெய் வார்னிஷ் வெள்ளையை மஞ்சளாக்கும். ரின்னைக் குலுக்காமல் கிளறுங்கள். குலுக்கினால் குமிழி வரும், கிளறாவிட்டால் மினுக்கத்தைக் குறைக்கும் தூள் அடியில் தங்கிவிடும். முதற்பூச்சில் மட்டும் பத்துப் பங்குக்கு ஒரு பங்கு தண்ணீர் சேருங்கள். பூச்சுகளுக்கிடையே நாலு மணித்தியாலம், 320ஆல் ஒரு மெல்லிய தடவல்.

கால்களின் அடிமுனையையும் மறக்காமல் வார்னிஷில் இரண்டு தடவை நனையுங்கள். தரை துடைக்கும் தண்ணீரை மரம் உறிஞ்சுவது அந்த வெட்டுமுகத்தால்தான்.

காயும் காலம்

தொட்டால் ஒரு நாளில் காய்ந்தது போலிருக்கும். முழுதாக இறுக மூன்று, நாலு கிழமை செல்லும். அதுவரை பூச்சாடி, பத்திரிகை போன்ற பாரமில்லாதவை மட்டும். பிளாஸ்டிக் விரிப்பும் கண்ணாடித் தகடும் அந்த மாதத்தில் ஆகவே ஆகாது. அடியில் ஒட்டிக்கொண்டு, எடுக்கும்போது பூச்சையும் உரித்துக்கொண்டு வரும். பிறகும் கண்ணாடி போட விரும்பினால் நாலு மூலையிலும் சிறிய இறப்பர் பொட்டு வைத்துப் போடுங்கள், இடையில் காற்று ஓடட்டும்.