வகை பிரித்தால் மட்டும் போதாது, வடிகட்டியும் பாருங்கள்

வேலைப் பட்டியல் ஆப்பில் 'அலுவலகம்', 'வீடு' என்று வகை பிரிப்பவர்கள் நிறைய பேர். ஆனால் பட்டியலைத் திறந்ததும் எல்லா வேலைகளும் மொத்தமாக வந்து நின்றால் எதைத் தொடுவது என்றே தெரியாது. ஃபில்டர் கைகொடுப்பது அங்கேதான்.

என்னைக் கேட்டால், வேலையை எங்கே, எதை வைத்துச் செய்வோம் என்பதை வைத்து வகை பிரிப்பதுதான் நல்லது. 'போன்', 'கம்ப்யூட்டர்', 'வெளியே' என்று வைத்துப் பாருங்கள். பத்து நிமிடம் சும்மா கிடைக்கிறதா? 'போன்' வகையை மட்டும் வடிகட்டினால் பேச வேண்டியவர்கள் எல்லாரும் வரிசையாக வந்துவிடுவார்கள்.

டூடூயிஸ்ட் (Todoist) என்ற வேலைப் பட்டியல் ஆப் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் வசதி. வேலையை எழுதும்போதே @ போட்டு 'போன்' மாதிரி லேபிள், அதாவது வகைப் பெயர், சேர்க்கலாம். அப்புறம் ஃபில்டரில் இன்றைய தேதியையும் அந்த லேபிளையும் & குறியால் இணைத்தால், இன்றைக்குப் பேச வேண்டிய அழைப்புகள் மட்டும் தெரியும். | போட்டால் இரண்டில் எது பொருந்தினாலும் வரும், லேபிளுக்கு முன்னால் '!' குறி போட்டால் அந்த வகை மறைந்துவிடும். அடிக்கடி பார்க்கும் ஃபில்டரை ஃபேவரிட்டில் சேர்த்துவிடுங்கள்.

கூகுள் டாஸ்க்ஸில் லேபிள் வசதி கிடையாது. அதில் வகைக்கு ஒரு பட்டியல் தனியாகப் போட்டுக்கொண்டால் சரி.