கருப்பை இரட்டைக் கொம்பு என்று ஸ்கேனில் வந்தால்

மும்பையில் மாதுங்காவிலோ தாராவியிலோ எடுத்த ஸ்கேன் அறிக்கையில் ‘பைகார்னுவேட்’ (இரட்டைக் கொம்பு) அல்லது ‘செப்டேட்’ (தடுப்புச்சுவர்) என்று கண்டால், இரண்டில் எது என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். பெண் சிசுவின் உடலில் இரு குழாய்கள் இணைந்தே கருப்பை உருவாகிறது. அவை மேற்புறம் சரியாக இணையாவிட்டால் இரட்டைக் கொம்புக் கருப்பையும், இணைந்த பின் நடுச்சுவர் கரையாவிட்டால் தடுப்புச்சுவர்க் கருப்பையும் உண்டாகின்றன. சாதாரண ஸ்கேனில் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றக்கூடும் என்பதால், வெளிவிளிம்பையும் காட்டும் முப்பரிமாண ஸ்கேனோ எம்.ஆர்.ஐ.யோ தேவைப்படலாம். கருச்சிதைவுடன் அதிகம் தொடர்புடையது தடுப்புச்சுவரே. கருவுறுவதற்கு முன் ஹிஸ்டிரோஸ்கோப்பி (பிறப்புறுப்பு வழியே கருப்பைக்குள் கேமராக் குழாயைச் செலுத்தும் முறை) மூலம் அதை அகற்ற முடியும், எனினும் எல்லோருக்கும் அது வேண்டியதில்லை. இத்தகைய கருப்பை உள்ள சிலருக்கு ஒரு சிறுநீரகம் மட்டுமே இருக்கும். அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

கருவுற்ற பின் குறைப்பிரசவத்துக்கும், குழந்தை தலைகீழாகத் திரும்பாமல் இருப்பதற்கும் வாய்ப்பு கூடுதல். ஆகவே, வளைகாப்பு முடிந்ததும் தாதரிலிருந்து திருநெல்வேலிக்கு ஒரு நாளுக்கும் மேலாக ரயிலில் செல்லும் திட்டத்தை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள் (அம்மாவை மும்பைக்கு வரவழைப்பதே என் கட்சி). 37 வாரங்களுக்கு முன் விட்டுவிட்டு வலித்தாலோ நீர் கசிந்தாலோ, விடியட்டும் என்று காத்திராமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். 36ஆம் வாரத்தில் குழந்தையின் தலை கீழே இருந்தால், வேறு சிக்கல் இல்லாத பலர் சுகப்பிரசவத்துக்கே முயலலாம்.