பத்து நல்ல படங்கள் ஒரு பேனல் ஆகாது: புகைப்படப் பட்டங்களுக்கு விண்ணப்பிப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் கிளப் உறுப்பினர் ஒருவர் வீட்டுக் கூடத்தில் பாயை விரித்துப் பத்துப் பிரிண்ட்களைப் பரப்பினார். பாலமேட்டிலும் அலங்காநல்லூரிலும் மூன்று தைப்பொங்கல்களில் எடுத்த ஜல்லிக்கட்டுப் படங்கள் அவை. இங்கிலாந்தின் ராயல் போட்டோகிராஃபிக் சொசைட்டி வழங்கும் முதல் நிலைப் பட்டத்துக்கு அவற்றை ஒரே தொகுப்பாக, அதாவது பேனலாக, அனுப்பப் போவதாகச் சொன்னார்.

ஒவ்வொரு படத்தையும் தனியாகக் கையில் எடுத்துப் பார்த்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை. சேர்த்துப் பார்த்தபோது மனம் கனத்தது. ஏழு படங்களில் காளை இடமிருந்து வலமாகப் பாய்ந்தது. எட்டுப் படங்கள் ஒரே உயரத்திலிருந்து, ஒரே நீள லென்ஸில் எடுத்தவை. புழுதியின் நிறம்கூட மாறவில்லை. "இவை பத்து நல்ல படங்கள், அண்ணே. ஆனால் இது இன்னும் பேனல் ஆகவில்லை" என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. அன்று அவரிடம் பேசியதையும், கிளப்பில் பலருக்கும் திரும்பத் திரும்பச் சொல்லி வருவதையும் இங்கே எழுதுகிறேன்.

முதல் குழப்பம் பெயரிலேயே தொடங்குகிறது. பரிசு வேறு, பட்டம் வேறு. போட்டியில் நம் படம் மற்றவர்கள் படத்தை முந்த வேண்டும். டிஸ்டிங்ஷன் என்று நாம் சொல்லும் பட்டத்தில் முந்துவதற்கு எவருமில்லை. அமைப்பு வகுத்த தரத்தை நம் படைப்புகள் எட்டியிருக்கின்றனவா என்பது மட்டுமே கேள்வி. அதை எட்டும் வழியும் அமைப்புக்கு அமைப்பு மாறும். 1853-இல் தொடங்கிய ராயல் சொசைட்டி, பேனலை நேரடியாக மதிப்பிடுகிறது. முதல் நிலைக்கு 10 படங்கள். அடுத்த நிலைக்கு 15 படங்களும், அவற்றின் நோக்கத்தை 150 சொற்களுக்குள் சொல்லும் குறிப்பும் வேண்டும். 1950-இல் தொடங்கிய சர்வதேசக் கூட்டமைப்பான ஃபியாப் பின்பற்றுவது வேறு முறை. அதன் அங்கீகாரம் பெற்ற சர்வதேசக் கண்காட்சிப் போட்டிகளில், அதாவது சலோன்களில், நம் படங்கள் எத்தனை முறை தேர்வாயின என்று அது எண்ணுகிறது. அமெரிக்கப் புகைப்படச் சங்கமான பிஎஸ்ஏவும் சலோன் தேர்வுகளையே பெரிதும் கணக்கில் கொள்கிறது.

எந்த வழியில் போகிறோம் என்று முடிவு செய்யாமலே படங்களைச் சேர்க்கத் தொடங்குவதுதான் நான் அதிகம் காணும் தவறு. சலோனில் ஒரு படத்துக்கு நடுவர் தரும் நேரம் சில நொடிகள். அந்த நொடியில் கண்ணைப் பிடித்து இழுக்கும் படம்தான் தேறும். பேனல் நடுவர்களோ பத்துப் படங்களையும் சேர்த்து நின்று பார்ப்பார்கள், பிறகு அருகில் வந்து ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். சலோனில் பதக்கம் வாங்கிய படம் பேனலில் பக்கத்துப் படங்களை விழுங்கிவிடும். அடக்கமான ஒரு படம் சலோனில் தோற்று, பேனலில் தூணாக நிற்கும்.

பேனல் கட்டுவது பூக்கட்டுவது போன்றது. மாட்டுத்தாவணி மலர்ச் சந்தையில் பூக்கட்டும் அம்மாக்களைக் கவனித்திருக்கிறீர்களா? மிகப் பெரிய மொட்டுகளாகப் பொறுக்கிக் கட்டுவதில்லை. ஒன்றோடொன்று இணங்கி நிற்கும் மொட்டுகளைத்தான் எடுக்கிறார்கள். முதல் நிலைப் பேனலுக்குக் கருப்பொருள் ஒன்றே ஒன்றாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆனால் பத்துப் படங்களும் ஒருவர் எடுத்தவை என்று தோன்ற வேண்டும். அதே சமயம் அந்த ஒருவருக்குப் பல விதங்களில் பார்க்கத் தெரியும் என்றும் தோன்ற வேண்டும். ஒளி, தொலைவு, கோணம், வேகம் எல்லாவற்றிலும் மாற்றம் வேண்டும்.

அடுக்கும் வரிசையை வரைந்து காட்டும் ஹேங்கிங் பிளானைப் பலர் கடைசி இரவில் ஒப்புக்கு நிரப்புகிறார்கள். அதுவும் படைப்பின் ஒரு பகுதி. இடது ஓரத்துப் படத்தில் இருப்பவர் உள்நோக்கிப் பார்க்க வேண்டும். வலது ஓரத்தில் இருப்பவரும் உள்நோக்கியே பார்க்க வேண்டும். அங்கே ஒரு காளை வெளியே பாய்ந்தால் பார்ப்பவர் கண்ணும் அதோடு வெளியே போய்விடும். கறுப்பு மிகுந்த படங்கள் எல்லாம் ஒரு மூலையில் குவிந்தால் அந்தப் பக்கம் பேனல் சாய்ந்து தெரியும். சிறு பிரிண்ட் போட்டுத் தரையில் பரப்பி, ஒரு வாரம் அப்படியே விட்டுவையுங்கள். தண்ணீர் குடிக்கப் போகும்போதும் வரும்போதும் கண்ணில் படட்டும். எந்தப் படம் உறுத்துகிறது என்று மூன்றாம் நாளே தெரிந்துவிடும்.

ஃபியாப் வழியில் போகிறவர்களின் தவறுகள் வேறு வகை. அவை பெரும்பாலும் கணக்கு நோட்டில் நடப்பவை.

முதல் பட்டமான ஏஃபியாப்புக்கு 40 ஏற்புகள், அதாவது சலோன் தேர்வுகள், வேண்டும் என்பது எல்லோருக்கும் மனப்பாடம். அந்த 40 ஏற்புகள் குறைந்தது 15 வெவ்வேறு படைப்புகளுக்குக் கிடைத்திருக்க வேண்டும், அவை 8 நாடுகளின் சலோன்களில் கிடைத்திருக்க வேண்டும் என்ற மீதிப் பாதியை மறந்துவிடுகிறார்கள். ஒரே படம் ஐந்து சலோன்களில் தேறினால் ஏற்பு ஐந்து, படைப்பு ஒன்றுதான். ராசியான பத்துப் பதினொரு படங்களையே உலகம் முழுக்கச் சுற்றவிட்டு, 40-ஐத் தொட்ட மகிழ்ச்சியில் கணக்குப் பார்த்தால், படைப்பு 11, நாடு 6 என்று நிற்கும். மீண்டும் கட்டணம், மீண்டும் காத்திருப்பு. அடுத்த நிலையான ஈஃபியாப்புக்கு 250 ஏற்புகள், 50 படைப்புகள், 20 நாடுகள் என்று கணக்கு ஏறும்போது இந்தப் பழக்கம் இன்னும் பெரிய பள்ளத்தில் தள்ளும். இந்த எண்கள் அவ்வப்போது திருத்தப்படுபவை. ஆகவே விண்ணப்பிக்கும் ஆண்டின் விதிப் பதிப்பையே கையில் வைத்துக்கொள்ளுங்கள். நண்பர் அனுப்பிய பழைய பிரதியை நம்ப வேண்டாம். இந்தியாவிலிருந்து ஃபியாப் விண்ணப்பம் நேரே போவதில்லை, ஃபெடரேஷன் ஆஃப் இந்தியன் போட்டோகிராஃபி வழியாகவே போகும். அதற்குரிய காலத்தையும் சேர்த்துத் திட்டமிட வேண்டும்.

தலைப்பு என்பது தமிழர்களான நமக்கென்றே வாய்த்த சிக்கல். ஒரு படைப்புக்கு ஒரே தலைப்புதான். எந்த நாட்டுக்கு அனுப்பினாலும் அதை மாற்றக் கூடாது, மொழிபெயர்க்கவும் கூடாது. அழகர் ஆற்றில் இறங்கும் படத்தை ஒருவர் அனுப்புகிறார். முதல் சலோனில் அழகருக்கு 'ழ' வரும் இடத்தில் ஆங்கில எல் எழுத்து. அடுத்ததில் இசட், எச் என்று இரண்டு எழுத்து. மூன்றாவதில் ஆற்றின் பெயரையும் சேர்த்துவிட்டார். அவருக்கு அது ஒரே படம். பட்டியலைச் சரிபார்ப்பவருக்கு மூன்று தலைப்புகள், அதாவது ஒரே படைப்பை மூன்றாகக் காட்ட முயன்ற ஐயம். வேண்டுமென்றே செய்யவில்லை என்று பிறகு விளக்கிக் கடிதம் எழுதுவதைவிட, முதல் நாளே ஓர் எழுத்துக்கூட்டலை முடிவு செய்து நோட்டில் எழுதிவிடுவது மேல். 'தலைப்பில்லை' என்று எழுதுவதும், கேமரா தந்த ஃபைல் எண்ணையே தலைப்பாக விடுவதும் வேண்டாம்.

நம் இனிஷியலும் அப்படித்தான். ஓரிடத்தில் இனிஷியல் முன்னால், இன்னோரிடத்தில் பின்னால், வேறோரிடத்தில் அப்பா பெயரை விரித்துக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் எழுதியது என்று மூன்று மனிதர்களாகிவிடுகிறோம். பாஸ்போர்ட்டில் உள்ளபடி ஒரே வடிவத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

நோட்டில் என்னென்ன இருக்க வேண்டும்? சலோனின் பெயர், நாடு, ஆண்டு, அங்கீகார எண், பிரிவு, படத்தின் தலைப்பு, முடிவு. முடிவு வந்த அன்றே எழுத வேண்டும். அறிவிப்பு மின்னஞ்சலையும் பட்டியலையும் தனி ஃபோல்டரில் சேமிக்க வேண்டும். இரண்டு ஆண்டு கழித்துத் தேடினால் அந்தச் சலோனின் பக்கமே இருக்காது. வண்ணத்தில் அனுப்பிய படத்தையே கறுப்பு வெள்ளையாக்கி மோனோ பிரிவுக்கு அனுப்பி, அதை இன்னொரு படைப்பாக எண்ணுவதும் தவறு. முழுப் படமும் ஒரே சாயத்தில் இருந்தால் அது மோனோ. மல்லிகை விற்கும் பாட்டியின் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கிவிட்டுக் குங்குமத்தை மட்டும் சிவப்பாக விட்டால் அது வண்ணப் படம், மோனோ பிரிவில் நிற்காது.

இனி, என்னைப் பொறுத்தவரை மிக முக்கியமானது: பிரிவு தவறுவதும், படத்தின் உண்மை தவறுவதும்.

இயற்கைப் பிரிவுக்கு ஃபியாப், பிஎஸ்ஏ, ராயல் சொசைட்டி மூன்றும் பொதுவான ஒரு வரையறையை ஏற்றுக்கொண்டிருக்கின்றன. வளர்ப்பு விலங்கு கூடாது. பயிரிட்ட செடியும் கலப்பினப் பூவும் கூடாது. ஆக, நம் ஊர்ப் பெருமைகளில் பாதி அங்கே செல்லாது. ஜல்லிக்கட்டுக் காளை, கோயில் யானை, தோட்டத்து மல்லிகை மூன்றுமே தகுதியற்றவை, எவ்வளவு அழகாக எடுத்திருந்தாலும். ஜல்லிக்கட்டுக்கு உரிய இடம் செய்திப்படப் பிரிவு. மனிதர் உருவாக்கிய பொருள்களும் பொதுவாகப் படத்தில் தெரியக் கூடாது. மனிதச் சூழலுக்குப் பழகிய உயிர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. கட்டடத்தில் குடியிருக்கும் கூகையும், ஊருக்குள் கூடு கட்டும் நாரையும் அந்த விலக்குக்கு எடுத்துக்காட்டுகள். தீபாவளிக்குப் பட்டாசு வெடிக்காமல் பறவைகளைக் காக்கும் கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்களின் வேட்டங்குடிக் கண்மாய் மதுரையிலிருந்து எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. அங்கே சுற்றுச்சூழலோடு எடுத்த ஒரு நத்தைகுத்தி நாரைப் படம், உயிரியல் பூங்காப் புலியைவிட நூறு மடங்கு மதிப்புள்ளது என்பது என் உறுதியான எண்ணம்.

படத்தில் இல்லாததைச் சேர்ப்பதும், இருப்பதை அழிப்பதும், இடம் மாற்றுவதும் இயற்கைப் பிரிவில் தடை. க்ராப் செய்யலாம், ஒளியைச் சரிசெய்யலாம். காட்சியின் உண்மையை மாற்றாத இத்தகைய திருத்தங்களுக்கே அனுமதி. இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். பல ஆண்டுகளுக்கு முன் அரிட்டாபட்டிப் பாறையில் அமர்ந்திருந்த வல்லூறு ஒன்றை எடுத்தேன். ஓரத்தில் ஒரு காய்ந்த குச்சி நீட்டிக்கொண்டிருந்தது. அரை நிமிட வேலை, அழித்துவிட்டேன். சலோனில் தேர்வான பின் ரா ஃபைலை, அதாவது கேமரா பதிவு செய்த மூலக் கோப்பை, கேட்டார்கள். அனுப்பினேன். தேர்வு ரத்தானது. அந்தக் குச்சி அங்கேயே இருந்திருந்தாலும் படம் தேறியிருக்கும் என்பது இப்போது பார்த்தால் தெளிவாகத் தெரிகிறது. அன்றிலிருந்து ரா ஃபைல்களை இரண்டு வன்தட்டுகளில் வைக்கிறேன். இப்போது செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் குச்சியை மட்டுமல்ல, முழு வானத்தையும் நிரப்பித் தருகின்றன. கட்டுப்பாடு குறைந்த பொதுப் பிரிவில்கூட, படத்தின் ஒவ்வொரு பகுதியும் விண்ணப்பிப்பவர் எடுத்த புகைப்படமாக இருக்க வேண்டும் என்பதே விதி.

பயணப் பிரிவில் வேறொரு பொறி இருக்கிறது. கூலி கொடுத்து நிறுத்திய பெரியவர், சொல்லிவைத்து எழுப்பிய புகை, திருமலை நாயக்கர் மகால் தூண்களுக்கு நடுவே பாவாடை விரித்துச் சுழலும் மாடல். பயிலரங்குக்குப் போன இருபது பேரும் அதே படத்தை எடுத்திருப்பார்கள். படப்பிடிப்புக்காக ஏற்பாடு செய்த காட்சி பயணப் பிரிவுக்குப் பொருந்தாது என்று பிஎஸ்ஏ விதியே சொல்கிறது. இடம் எது என்று காட்டாத முகக் குளோசப்பும் அங்கே ஏற்கப்படாது. விதியை விட்டுவிடுங்கள், 1636-இல் எழுந்த அந்தத் தூண்களின் மேல் விழும் மாலை வெயிலை நீங்களாகக் காத்திருந்து எடுத்தால், அந்தப் படம் வேறு எவரிடமும் இருக்காது.

தொழில்நுட்பக் குறைகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், அவை எல்லோருக்கும் தெரிந்தவையே. வெயிலில் வேட்டி வெள்ளை வெந்துபோவது, விடியலில் அழகரின் தங்கக் குதிரை விளக்கொளியில் விவரமிழந்து மஞ்சள் திட்டாவது, கூர்மையை ஏற்றி ஏற்றிக் கோபுர விளிம்பில் வெண்கோடு படிவது. சரிபார்க்காத மானிட்டரில் வேலை செய்தால் பிரிண்ட் இருண்டு வரும். பத்து பிரிண்டும் ஒரே காகிதத்தில், பிரிண்டைத் தாங்கும் மவுண்ட் அட்டையும் ஒரே நிறத்தில் இருக்கட்டும்.

கருத்துக் கேட்பதிலும் தவறுகிறோம். கிளப் நண்பர்களின் பாராட்டு அன்பிலிருந்து வருவது. அதைத் தேர்வு முடிவாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ராயல் சொசைட்டி விண்ணப்பத்துக்கு முன்பே ஆலோசனை அமர்வுகள் நடத்துகிறது. அதற்குப் போகாமல் நேரே மதிப்பீட்டுக்கு அனுப்புகிறவர்களை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. அங்கே கேட்கும் சொல் கசக்கும். அந்தக் கசப்புக்குப் பிறகும் படங்களை மாற்ற நாள்கள் கைவசம் இருக்க வேண்டும். அதனால் கடைசித் தேதிக்கு மூன்று மாதம் முன்பாவது ஆலோசனைக்குச் செல்லுங்கள்.

பாயில் பத்துப் படங்களை விரித்த நண்பரிடம் திரும்புகிறேன். அன்று மாலைக்குள் ஐந்து படங்களை விலக்கிவிட்டோம். மீதி ஐந்து. அவருடைய பழைய ஃபைல்களைத் திறந்து இரவு வரை தேடினோம். வாடிவாசலுக்கு வெளியே காளையின் நெற்றியைத் தடவிக்கொண்டு நிற்கும் ஒரு பெண். காத்திருக்கும் வீரர்களின் கைகள் மட்டும். மாட்டுக்குக் கொம்பு சீவும் முதியவர். இவற்றை அவர் பிரிண்ட் போட்டதே இல்லை. "இதில் காளையே பாயவில்லையே" என்று ஒதுக்கி வைத்திருந்தாராம். எல்லாம் முடிந்து கூட்டம் கலைந்தபின் எடுத்த ஒன்றும் கிடைத்தது: வெறும் வாடிவாசல், அறுந்து கிடக்கும் கயிறு, சரிந்த வெயில். அதை நடுவில் வைத்தார். இடது ஓரத்துக்கு ஒரு படம் இன்னும் வேண்டும். வருகிற தை முதல் நாள் அவனியாபுரம் போகிறோம்.