பிளஸ் ஒன் சேர்க்கையில் காசுக்குப் பயந்து செய்யும் தவறுகள்

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த வாரம், பண்ருட்டி, நெல்லிக்குப்பம் பக்கம் பல வீடுகளில் ஒரே பேச்சுதான்: "மேக்ஸ் குரூப் எடுத்தா டியூஷன் வைக்கணுமே, நம்மால முடியுமா?" முடியாது என்று தோன்றிவிட்டால், கணக்கில் தொண்ணூறு வாங்கிய பிள்ளையும் காமர்ஸுக்குப் போய்விடுகிறது. காமர்ஸ் மட்டமில்லை, விரும்பி எடுத்தால் அருமையான படிப்பு. டியூஷன் செலவுக்காக எடுப்பதுதான் கோளாறு. தமிழ்நாட்டில் 2007 முதல் பொறியியலுக்கு நுழைவுத்தேர்வு கிடையாது. பிளஸ் டூ மார்க்கை 200-க்குக் கணக்கிட்டுப் போடும் கட்ஆஃப்தான் சீட்டைத் தீர்மானிக்கிறது. அந்த 200-இல் கணக்குக்கே 100, மீதி இயற்பியலும் வேதியியலும். பதினைந்து வயதில் கணக்கை விட்டவன் பிளஸ் டூ முடித்து வந்து "இன்ஜினியரிங்" என்றால் யாரும் ஒன்றும் செய்ய முடியாது.

இதற்கு நேர் எதிர்த் தவறு இன்னும் வலிக்கும். பத்து வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்ணை, "கோச்சிங் நல்லா இருக்கும்" என்று நகையை அடகு வைத்து பிளஸ் ஒன்னில் தனியார் பள்ளியில் சேர்ப்பார்கள். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தால்தான் மருத்துவம், பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்றவற்றில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு. அதில் சீட் கிடைத்தால் கல்லூரிக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. இடம் மாற்றிய அன்றே அது போச்சு. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கான புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாயும் போச்சு. காசு கொடுத்து, கிடைக்கவிருந்த சலுகையையும் தொலைப்பது இது. அரசு உதவி பெறும் பள்ளிக்கு மாறினாலும் 7.5 கிடைக்காது, பெயரில் 'அரசு' இருப்பதைப் பார்த்துப் பலர் ஏமாறுகிறார்கள்.

அடுத்தது, பிளஸ் ஒன் பாடத்தை ஒப்புக்குப் படிப்பது. 2025-இல் பிளஸ் ஒன் பொதுத்தேர்வை அரசு எடுத்துவிட்டதால் இது கூடுமே தவிர குறையாது. வெக்டர், வகையிடல், தொகையிடலின் தொடக்கமெல்லாம் பிளஸ் ஒன் கணக்கில்தான் இருக்கின்றன. டியூஷன் வைக்க வசதி இருக்கிற வீட்டுப் பிள்ளை பிறகு சமாளித்துக்கொள்ளும். வசதியில்லாத பிள்ளைக்குக் கல்லூரியில் முதல் செமஸ்டரிலேயே அரியர் விழும்.

சான்றிதழ்களைக் கவுன்சிலிங் வரை தள்ளிப்போடாதீர்கள். ரேஷன் கார்டில் ஒரு இனிஷியல், மார்க்‌ஷீட்டில் இன்னொன்று என்றால் இ-சேவை மையத்துக்கு அலைச்சல்தான். முதல் பட்டதாரி சான்று வாங்கும் முன் ஒன்றைப் பாருங்கள்: அண்ணனோ அக்காவோ ஏற்கெனவே டிகிரி முடித்திருந்தால் அது தம்பிக்குக் கிடைக்காது.