சாக்சனியில் குளிர்காலம்: முதல்முறை போகிறவர்களுக்கு ஒரு பயணத் திட்டம்

ஜெர்மனிக்குக் குளிர்காலத்தில் போகிறோம் என்றதும் பலரும் மியூனிக், பெர்லின், கொலோன் என்று நாடு முழுக்க ஓடும் பட்டியலைப் போட்டுவிடுகிறார்கள். டிசம்பரில் அது சரிப்படாது. பகல் எட்டு மணி நேரம்தான், அதில் பாதி ரயிலிலேயே போய்விடும். ஒரே மாநிலத்தில் தங்கி நிதானமாகப் பார்ப்பதுதான் நல்லது. என் தேர்வு கிழக்கு ஓரத்திலுள்ள சாக்சனி. டிரெஸ்டன், லைப்சிக் என்று இரண்டு நகரங்கள், மணற்பாறைக் காடு, செக் எல்லையை ஒட்டி எர்ட்ஸ்கெபிர்கே மலைத்தொடர் எல்லாமே அங்கே பக்கம் பக்கமாக இருக்கின்றன.

படி 1: தேதியை முடிவு செய்யுங்கள்

கிறிஸ்துமஸ் சந்தைகள் பெரும்பாலும் திருவருகைக் கால (கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகள் அடங்கிய காலம்) முதல் ஞாயிறை ஒட்டித் திறக்கும். அதாவது நவம்பர் கடைசியில். பலர் கிறிஸ்துமஸ் அன்று அங்கே இருக்க ஆசைப்பட்டு 23ஆம் தேதி போய் இறங்குகிறார்கள். டிரெஸ்டன் சந்தையை 24ஆம் தேதி பிற்பகலோடு மூடிவிடுவார்கள். கடைகளும் அன்று மதியத்திலிருந்து 26 வரை திறக்காது. டிசம்பர் முதல் இரண்டு வாரங்களே சிறந்தவை. வார நாட்களில் போனால் நெரிசலும் குறைவு.

படி 2: விசா

ஜெர்மனி உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கட்டணம் 90 யூரோ. மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். பரிசீலிக்க 15 நாள் என்பது கணக்கு. ஆனால் விண்ணப்பம் கொடுக்க நேரம் கிடைப்பதே பெரும்பாடு. டிசம்பர் பயணத்துக்கு ஆகஸ்டிலேயே வேலையை ஆரம்பித்துவிடுங்கள்.

படி 3: ரயில் சீட்டு

ஒரே காலண்டர் மாதத்துக்குள் பயணம் முடிகிறதென்றால் டாய்ச்லாண்ட் டிக்கெட் வாங்கலாம். 2026 ஜனவரி முதல் மாதம் 63 யூரோ. உள்ளூர் ரயில், டிராம், பஸ் எல்லாவற்றிலும் செல்லும். ஐசிஇ போன்ற விரைவு ரயில்களில் செல்லாது. இது சந்தா என்பதை மறக்க வேண்டாம். அந்த மாதம் 10ஆம் தேதிக்குள் ரத்து செய்யாவிட்டால் அடுத்த மாதத்துக்கும் பணம் பிடித்துவிடுவார்கள். நண்பர்களோடு ஓரிரு நாள் மட்டும் சுற்றுவதென்றால் சாக்சன் டிக்கெட் என்ற ஒரு நாள் சீட்டு போதும். ஒரே சீட்டில் ஐந்து பேர் வரை போகலாம். வார நாட்களில் அது காலை 9 மணிக்குப் பிறகுதான் செல்லும், அதனால் காட்டுக்குப் போகும் நாளை வார இறுதியில் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 4: உடுப்பு

கனமான ஒரே ஜெர்கினை நம்பாதீர்கள். உள்ளே தெர்மல், நடுவில் கம்பளி, மேலே காற்றும் ஈரமும் புகாத கோட்டு என்று அடுக்காகப் போடுங்கள். ரயிலிலும் கடைகளிலும் ஹீட்டர் தகிக்கும். சட்டென்று கழற்ற முடிய வேண்டும். பருத்தி பனியன் வியர்வையில் நனைந்தால் குளிரைக் கூட்டும். எதில் மிச்சம் பிடித்தாலும் காலணியில் பிடிக்காதீர்கள். சந்தையில் மணிக்கணக்காகக் கல்தரையில் நிற்கும்போது குளிர் காலடியிலிருந்துதான் ஏறும். தடித்த அடிப்பாகம், கம்பளிக் காலுறை இரண்டும் கட்டாயம்.

படி 5: பகலைக் காட்டுக்கும் இருட்டைச் சந்தைக்கும் ஒதுக்குங்கள்

டிசம்பர் நடுவில் டிரெஸ்டனில் காலை 8 மணிக்குத்தான் சூரியன் எழும், மாலை 4 மணிக்கு இறங்கிவிடும். ஒவ்வொரு நாளையும் இதை வைத்தே பிரியுங்கள். வெளிச்சத்தில் பார்க்க வேண்டியவை முதலில். அருங்காட்சியகம், சந்தை, தேவாலய இசை எல்லாம் நான்கு மணிக்கு மேல்.

காட்டுக்கு ஒரு முழு நாள் வேண்டும். டிரெஸ்டனிலிருந்து எஸ்1 ரயிலில் ராத்தன் போய் இறங்கி, எல்பே ஆற்றைப் படகில் கடந்து, மேலே ஏறினால் பாஸ்டை என்ற பாறை முகடு. ஆற்றிலிருந்து ஏறக்குறைய 194 மீட்டர் உயரத்தில் பாறைத் தூண்களுக்கு நடுவே 1851இல் கட்டிய கல்பாலம் நிற்கிறது. வழியில் படிகள் உறைந்திருக்கும். காலணியில் மாட்டும் ஆணிப்பட்டை ஒரு ஜோடி கையில் இருக்கட்டும். மதியம் இரண்டு மணிக்கெல்லாம் இறங்கத் தொடங்கிவிடுங்கள்.

படி 6: சந்தையில் எப்படி நடந்துகொள்வது

டிரெஸ்டனின் கிறிஸ்துமஸ் சந்தையான ஸ்ட்ரீட்சல்மார்க்ட் 1434இல் தொடங்கியது. நுழைவுக் கட்டணம் கிடையாது. சில்லறை நோட்டுகளைக் கையில் வையுங்கள், எல்லாக் கடையிலும் கார்டு எடுப்பார்கள் என்று சொல்ல முடியாது. க்ளூவைன் என்பது மசாலா போட்டுச் சூடாக்கிய ஒயின்; குடிக்காதவர்கள் கிண்டர்புன்ஷ் கேளுங்கள், அது பழச்சாறு. பீங்கான் கோப்பைக்கும் சேர்த்து முன்பணம் வாங்குவார்கள். கோப்பையைத் திருப்பிக் கொடுத்தால் பணம் வரும், பிடித்திருந்தால் வீட்டுக்குக் கொண்டுவரலாம்.

சைவக்காரர்கள் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. சீஸும் காளானும் வைத்துச் சுட்ட ஹாண்ட்புரோட் ரொட்டி, ஆப்பிள் கூழோடு வரும் உருளைக்கிழங்கு அடை, க்வார்க் என்ற மென்மையான பாலாடைக்கட்டியும் உருளைக்கிழங்கும் பிசைந்து பொரிக்கும் க்வார்க்கோய்ல்ஷன் மூன்றும் வயிற்றை நிரப்பும். ஹாண்ட்புரோட்டில் பன்றி இறைச்சி வைத்ததும் உண்டு, கேட்டு வாங்குங்கள்.

படி 7: எர்ட்ஸ்கெபிர்கேவுக்கு இரண்டு இரவு

நேரமில்லை என்றால் லைப்சிக்கை வெட்டுங்கள், இதை வெட்டாதீர்கள். இது வெள்ளிச் சுரங்க நாடு. குளிர்காலத்தில் விடியுமுன் குழிக்குள் இறங்கி இருட்டிய பிறகு ஏறிவந்த தொழிலாளிகள் வார நாட்களில் சூரியனையே பார்த்ததில்லை. அதனால்தானோ என்னவோ, இந்த ஊர்களில் டிசம்பர் முழுக்க ஜன்னலுக்கு ஜன்னல் வளைவான விளக்குத்தண்டு எரியும். ஊர் வெறிச்சென்று இருக்கும் மாலை ஆறு மணிக்கு எந்தத் தெருவில் நடந்தாலும் அதைப் பார்க்கலாம். அன்னபெர்க் நகரில் திருவருகைக் கால நான்காம் ஞாயிறன்று, வழக்கமாக, பழைய சீருடை அணிந்து பித்தளை வாத்தியங்களோடு சுரங்க ஊர்வலம் நடக்கும்.

வெள்ளி வற்றியபோது பலர் மரவேலைக்கு மாறினார்கள். அதன் தலைநகரம் சைஃபன் கிராமம். ரயில் கிடையாது, ஓல்பெர்ன்ஹாவ் வரை ரயில், அப்புறம் பஸ். அங்கே கட்டாயம் பார்க்க வேண்டியது வளையக் கடைசல். ஈரமான ஸ்ப்ரூஸ் மரத் துண்டைச் சுழலவிட்டு, உளியால் இருபுறமும் குடைந்து ஒரு வளையம் செய்கிறார்கள். பார்ப்பதற்கு அர்த்தமில்லாத மேடுபள்ளம். பிறகு கத்தியை வைத்துத் தட்டி, கேக் வெட்டுவதுபோல் பிளந்தால், ஒவ்வொரு துண்டின் வெட்டுமுகத்திலும் ஒரு குதிரை, அல்லது மாடு! கடையும்போது கடைபவருக்கே அந்த உருவம் தெரியாது, கைப்பழக்கத்தில் கடைகிறார். அப்புறம் செதுக்கி வண்ணம் பூசுவது வேறு வேலை.

கடைகளில் புகைபிடிக்கும் மரப்பொம்மைகள் வரிசையாக நிற்கும். வயிற்றுக்குள் சின்னக் கூம்பைப் பற்றவைத்தால் வாய் வழியாகப் புகை வரும். அந்தக் கூம்பில் கரியோடு குந்திரிக்கமும் சேர்வதால் நம் மூக்குக்கு வாசனை புதிதாக இருக்காது.

பனி நிச்சயம் வேண்டுமென்றால் ஃபிக்டல்பெர்க் மலைப்பக்கம் போங்கள், உயரம் 1,215 மீட்டர். கிரான்ட்சாலிலிருந்து ஓபர்வீசன்டால் வரை சுமார் 17 கிலோமீட்டருக்குக் குறுகிய பாதை நீராவி ரயில் ஓடுகிறது, ஒரு மணி நேரம் ஆகும். இதற்குத் தனிச் சீட்டு.

படி 8: நமக்கென்று ஓர் அரை நாள்

டிரெஸ்டனிலிருந்து காமென்ட்ஸ் போகும் ரயிலில் ஏறினால் முக்கால் மணி நேரத்துக்குள் புல்ஸ்நிட்ஸ். தரங்கம்பாடிக்கு 1706இல் வந்து, தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்ட சீகன்பால்க் 1682இல் பிறந்த ஊர். சுற்றுலாக் கூட்டம் எட்டிப் பார்க்காத சிற்றூர். 1558இலிருந்து இங்கே மசாலா கேக் சுடுகிறார்கள். மாவைப் பிசைந்து வாரக்கணக்கில் ஊறவிட்டு, அதன்பின் பட்டை, கிராம்பு, ஏலக்காய் சேர்ப்பது வழக்கம். எனக்கு இது டிரெஸ்டனின் உலர்பழக் கிறிஸ்துமஸ் ரொட்டியான ஸ்டோலனைவிடப் பிடிக்கும், சாக்சனிக்காரர்களிடம் இதைச் சொல்லாமலிருப்பது நல்லது.

படி 9: ஊருக்கு வாங்கிவர

ஸ்டோலன் வாரக்கணக்கில் கெடாது. தங்க நிற முத்திரை ஒட்டியதா என்று பாருங்கள். டிரெஸ்டன் வட்டாரத்தில் செய்ததற்கு அதுதான் அடையாளம். திராட்சையை ரம்மில் ஊறவைப்பது வழக்கம், பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் கொடுக்குமுன் டப்பாவின் பின்புறத்தைப் படித்துவிடுங்கள். மரப்பொம்மைகளைக் கைப்பையில் வைத்துக்கொண்டு, ஸ்டோலனைப் பெட்டியில் கம்பளித் துணிகளுக்கு நடுவே செருகிவிடுங்கள்.