சாயமேற்றிய சூரிய மின்கலம்: நானோ படலத்தை முதலில் சரியாகச் செய்வோம்

சாயத்தால் ஒளியைப் பிடித்து மின்சாரமாக்கும் சாயமேற்றிய சூரிய மின்கலத்தைச் செய்து பார்க்க விரும்புகிறவர்கள் பெரும்பாலும் எந்தப் பூவின் சாயம் நல்லது என்றுதான் முதலில் கேட்கிறார்கள். என் அனுபவத்தில், கலம் வேலை செய்வதும் செய்யாமல் போவதும் அந்தச் சாயம் ஒட்டிக்கொள்ளும் வெள்ளைப் படலத்தைப் பொறுத்தே அமைகிறது. ஆகவே படலத்தை விரிவாகவும் மற்றவற்றைச் சுருக்கமாகவும் எழுதுகிறேன்.

படலத்துக்கான பொருள் டைட்டானியம் டை ஆக்சைடு என்னும் குறைகடத்தி. அதன் அனடேஸ் என்னும் படிக வடிவத்தின் ஆற்றல் இடைவெளி (எலக்ட்ரானை விடுவிக்கத் தேவையான ஆற்றல்) ஏறக்குறைய 3.2 எலக்ட்ரான் வோல்ட் என்பதால் அது புறஊதாக் கதிரை மட்டுமே உறிஞ்சும்; கண்ணுக்குத் தெரியும் ஒளியைச் சாயம் பிடித்து, எலக்ட்ரானைக் குறைகடத்தியிடம் ஒப்படைக்கிறது. ஆனால் குறைகடத்தியை நேரடியாகத் தொட்டுக்கொண்டிருக்கும் ஒற்றை மூலக்கூறு அடுக்குதான் இந்த வேலையைச் செய்ய முடியும். வழவழப்பான பரப்பில் அப்படிப்பட்ட ஓர் அடுக்கு பிடிக்கும் ஒளி மிகச் சொற்பம். 1991-இல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் பிரையன் ஓ'ரீகனும் மைக்கேல் கிராட்செலும், சில நானோமீட்டர் அளவுத் துகள்களால் ஆன, 10 மைக்ரோமீட்டர் தடிமனுள்ள நுண்துளைப் படலத்தைக் கொண்டு ஒளியை மின்சாரமாக்குவதில் 7 விழுக்காட்டைத் தாண்டிய திறனைப் பெற்றபோதுதான் இந்தத் தடை நீங்கியது.

கணக்குப் போட்டுப் பார்த்தால் காரணம் விளங்கும். 1 சதுர சென்டிமீட்டர் பரப்பில் 10 மைக்ரோமீட்டர் தடிமனுக்குப் படலம் இட்டு, அதில் பாதி துளைகள் என்று வைத்துக்கொண்டால், ஏறக்குறைய 2 மில்லிகிராம் பொடி இருக்கும். 20 நானோமீட்டரை ஒட்டிய துகள்கள் கொண்ட பி25 என்னும் பொடிக்கு ஒரு கிராமுக்கு 50 சதுர மீட்டர் அளவுக்குப் பரப்பு உண்டு. ஆக, அந்த 2 மில்லிகிராமுக்குள் 1000 சதுர சென்டிமீட்டர் ஒளிந்திருக்கிறது.

நான் முதன்முறை இந்தக் கணக்கைப் போடாமல், பெயிண்டில் கலக்கும் வெள்ளைப் பொடியை வாங்கிவந்துவிட்டேன். பெயரும் நிறமும் ஒன்றுதான்; துகள்தான் 250 நானோமீட்டர் அளவு. பரப்பு பத்தில் ஒரு பங்குக்கு மேல் தேறாது. செம்பருத்திச் சாற்றில் ஒரு மணி நேரம் ஊறிய பிறகும் படலம் வெளிறிய ரோஜா நிறத்திலேயே நின்றது. பொடி வாங்கும்போது துகள் அளவைக் கேட்டு வாங்குங்கள்.

முதல் படி, குழம்பு அரைப்பது. வினிகரில் தண்ணீர் கலந்து, பிஎச் தாளில் 3-க்கும் 4-க்கும் இடையில் காட்டும்படி வைத்துக்கொள்ளுங்கள். 6 கிராம் பொடியைக் கல்வத்தில் இட்டு, இந்த அமிலத்தை ஒவ்வொரு மில்லிலிட்டராக, மொத்தம் 9 மில்லிலிட்டர் வரை சேர்த்து அரைமணி நேரம் அரைக்க வேண்டும். அமிலம் துகள்களுக்கு ஒரே வகை மின்னூட்டம் தருவதால் அவை ஒன்றையொன்று விலக்கிப் பிரிந்து நிற்கின்றன. அவசரப்பட்டு அமிலத்தை மொத்தமாக ஊற்றினால் கட்டிகள் உடையாமல் தங்கிவிடும். கடைசியில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டு, நுரைக்காமல் மெதுவாகக் கலக்கிக் கால்மணி நேரம் வையுங்கள்.

அடுத்தது பூசுதல். மின்சாரம் கடத்தும் கண்ணாடியின் எந்தப் பக்கம் கடத்துகிறது என்பதை மல்டிமீட்டரால் பாருங்கள். சில பத்து ஓம் காட்டும் பக்கமே மேலே இருக்க வேண்டும். ஓரங்களில் ஒற்றை அடுக்கு செலோடேப் ஒட்டி, குழம்பில் சில சொட்டுகள் விட்டு, கண்ணாடிக் கோலை ஒரே இழுப்பில் இழுங்கள். டேப்பின் தடிமன் 50 மைக்ரோமீட்டர் அளவில் இருந்தாலும், குழம்பு காய்ந்ததும் 10 மைக்ரோமீட்டரை ஒட்டிச் சுருங்கிவிடும். கூடுதல் சாயம் பிடிக்கட்டும் என்று இரண்டு டேப் ஒட்டினால், காயும்போது படலம் வறண்ட குளத்து மண்போல வெடித்து உரிந்துவிடும்.

டேப்பை எடுத்துவிட்டு 450 டிகிரி செல்சியஸில் அரைமணி நேரம் சுட வேண்டும். சூடேறும்போது படலம் பழுப்பாகி, உள்ளிருக்கும் கரிமப் பொருள் எரிந்து தீர்ந்ததும் மீண்டும் வெளுக்கும். இந்தச் சூட்டில்தான் பக்கத்துத் துகள்கள் தொடும் இடத்தில் ஒட்டி, எலக்ட்ரான் துகள் துகளாகத் தாவிக் கண்ணாடியைச் சேர்வதற்கு வழி உண்டாகிறது. அடுப்பிலிருந்து உடனே எடுத்தால் கண்ணாடி விரிசல் விட்டுவிடும் என்பதால் அங்கேயே ஆறவிடுங்கள்.

இளஞ்சூடாக இருக்கும்போதே செம்பருத்திச் சாற்றிலோ நாவல்பழச் சாற்றிலோ பத்து நிமிடம் முக்குங்கள். கண்ணாடியின் அடிப்பக்கத்திலிருந்து பார்க்கையில் எங்கும் வெண்மை தெரியக் கூடாது. இன்னொரு கண்ணாடியின் கடத்தும் பக்கத்தில் பென்சில் கிராஃபைட்டைத் தேய்த்து கலத்தின் மறுபக்க மின்முனையாக்கி, இரண்டையும் பூசிய பக்கங்கள் எதிரெதிரே இருக்க, ஓரங்கள் சற்று வெளியே நீளும்படி சேர்த்து கிளிப் மாட்டுங்கள். இரண்டு மின்முனைகளுக்கும் இடையே மின்னூட்டத்தைக் கொண்டுசெல்லும் திரவமான மின்பகுளிக்கு 10 மில்லிலிட்டர் எத்திலீன் கிளைக்காலில் 0.83 கிராம் பொட்டாசியம் அயோடைடும் 0.127 கிராம் அயோடினும் கரைத்து, ஓரத்தில் இரண்டு சொட்டு விட்டால் அது தானே உள்ளே பரவும். எத்திலீன் கிளைக்கால் நஞ்சு. சமையலறைப் பாத்திரம் எதையும் இதற்குப் பயன்படுத்தாதீர்கள். படலம் உள்ள பக்கத்தை வெயிலுக்குக் காட்டினால் 0.3 முதல் 0.5 வோல்ட் வரையும், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 1 முதல் 2 மில்லிஆம்பியர் வரையும் எதிர்பார்க்கலாம்.

இனி மேம்படுத்துவதற்கு வருவோம். துகள்களிடையே தாவித் தாவிச் செல்வதால் எலக்ட்ரான் தாமதப்பட்டு, வழியில் மின்பகுளியிடமே திரும்பிவிடுகிறது. இதைத் தவிர்க்க நேரான பாதை தரும் துத்தநாக ஆக்சைடு நானோகம்பிகளை அமெரிக்காவின் பெர்க்லியில் 2005-இல் முயன்றார்கள். பாதை சீரானாலும் பரப்பு குறைந்ததால் திறன் 1.5 விழுக்காட்டிலேயே நின்றது. கண்டியில் உள்ள அடிப்படை ஆய்வு நிறுவனத்தில் கீர்த்தி தென்னகோன் குழுவினர் வெள்ளீய ஆக்சைடையும் துத்தநாக ஆக்சைடையும் கலந்து படலமிட்டு நல்ல பலன் கண்டார்கள். டைட்டானியம் டெட்ராகுளோரைடால் படலத்தைப் பதப்படுத்துவதும் வழக்கம்தான். ஆனால் அது காற்றுப் பட்டாலே அமிலப் புகை கக்கும் என்பதால் வீட்டில் வேண்டாம்.

தொடக்கநிலையில் இருப்பவருக்கு எளியது ஒளிச்சிதறல் அடுக்கு. நானோ படலத்தைப் பூசிக் காயவிட்டு, சுடுவதற்கு முன் அதன்மேல் பெரிய துகள்களாலான மெல்லிய அடுக்கு ஒன்றை இட்டால், சாயத்தில் சிக்காமல் தப்பிய ஒளி அதில் பட்டுத் திரும்பி மறுபடி சாயத்துக்குள் வரும். இதற்குத் துகள் சில நூறு நானோமீட்டர் இருக்க வேண்டும். முதல்முறை ஏமாந்து வாங்கிய அந்தப் பெயிண்ட் பொடி டப்பாவை நான் இப்போது இதற்குத்தான் பயன்படுத்துகிறேன்.