கூட்டுக்குள்ளேயே மூத்திரம் போகும் குட்டியை எப்படிப் பழக்குவது

நாய்க்குட்டி தான் படுக்கிற இடத்தை அசுத்தப்படுத்த விரும்பாது. கூட்டுக்குள் விட்டால் அடக்கிக்கொண்டு இருக்கும், திறந்ததும் வெளியே போய்ப் பெய்யும். கூடு வைத்துப் பழக்கும் முறை முழுக்க இந்த ஒரு குணத்தை நம்பித்தான் நிற்கிறது. ஆனால் சில குட்டிகள் கூட்டுக்குள்ளேயே போய்விட்டு, அதன்மேலேயே படுத்து, காலையில் ஊத்தையாக வாலாட்டிக்கொண்டு வந்து நிற்கும். அப்படியான குட்டிக்கு "இன்னும் கொஞ்ச நேரம் பூட்டி வையுங்கள், பழகிவிடும்" என்று சொல்வதுபோல் தவறான ஆலோசனை வேறில்லை. பூட்டப் பூட்ட அது பழகுவது கூட்டுக்குள் போவதற்குத்தான்.

குட்டிகள் பிறந்து முதல் மூன்று கிழமை அளவுக்குத் தாய் நக்கிவிட்டால்தான் மூத்திரமும் மலமும் போகும், அதைத் தாயே சுத்தமாக்கியும் விடும். அதற்குப் பிறகு குட்டி தானாகவே படுக்கையை விட்டு நாலு அடி தள்ளிப் போய் இருக்கப் பார்க்கும். அந்த வயதில் தள்ளிப் போக இடம் இல்லாமல், ஒரு சின்னக் கம்பிக் கூட்டுக்குள் ஏழெட்டுக் குட்டிகளோடு வளர்ந்தால், அல்லது கடையில் கிழமைக்கணக்கில் கூட்டுக்குள்ளேயே கிடந்தால், அந்தக் குணம் மழுங்கிப்போகும். அது குட்டியின் பிடிவாதமும் இல்லை, உங்கள் மேல் உள்ள கோபமும் இல்லை. போக இடமில்லாத ஒரு உயிர் தனக்குத் தெரிந்ததைச் செய்கிறது, அவ்வளவுதான்.

முதலில் வைத்தியரிடம்

எந்தப் பழக்கத்தையும் தொடங்க முன் உடம்பில் பிழை இல்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். அடிக்கடி சொட்டுச் சொட்டாகப் போவது, முக்குவது, மூத்திரத்தில் இரத்தம், வழமைக்கு மேலாகத் தண்ணீர் குடிப்பது, இவையெல்லாம் மூத்திரப்பையில் கிருமி இருப்பதைக் காட்டலாம். மலம் தண்ணியாகப் போனால் பூச்சியோ குடலில் வேறு ஒட்டுண்ணியோ இருக்கலாம். உருண்டைப்புழு தாயின் வயிற்றிலேயே குட்டிக்கு வந்துவிடும், கொக்கிப்புழு பாலோடு வரும், அதனால்தான் இரண்டு கிழமை வயதிலிருந்தே பூச்சி மருந்து கொடுக்கத் தொடங்குகிறார்கள். காலையில் போகும் மூத்திரத்தைச் சுத்தமான சிறு போத்தலில் பிடித்து, மலத்திலும் கொஞ்சம் எடுத்து, மிருக வைத்தியரிடம் கொண்டுபோனால் வேலை சுலபம். வாந்தியும் இரத்தம் கலந்த வயிற்றோட்டமும் சேர்ந்து வந்தால் அது பார்வோ என்ற கொடிய வைரஸ் நோயாக இருக்கலாம், நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாமல் அன்றைக்கே கொண்டுபோங்கள்.

சாப்பாட்டையும் பாருங்கள். எங்கள் வீடுகளில் குட்டி வந்ததும் பாசத்தில் பால்மா கரைத்து ஒரு கோப்பை, மாரி பிஸ்கட் இரண்டு, பிறகு மேசையிலிருந்து ஆளுக்கு ஒரு பிடி என்று கொடுத்துக்கொண்டே இருப்பார்கள். பால் பல குட்டிகளுக்குச் செரிக்காது, வயிற்றாலே போகும். வயிற்றாலே போகிற குட்டியால் அடக்க முடியாது, அதற்குக் கூட்டுப் பழக்கம் சொல்லிக்கொடுக்கவும் முடியாது. மூன்று மாதக் குட்டிக்கு ஒரே வகைச் சாப்பாட்டை மூன்று நேரம், நேரம் தவறாமல் கொடுத்து, கால் மணித்தியாலத்தில் கோப்பையை எடுத்துவிடுங்கள். உள்ளே போவது நேரத்துக்குப் போனால்தான் வெளியே வருவதும் நேரத்துக்கு வரும்.

கூட்டைக் கவனியுங்கள்

இங்கே பலர் வாங்குவது அல்லது செய்விப்பது, கராஜில் வைக்கிற பெரிய இரும்புக் கூடு. லப்ரடோர் வளர்ந்த பிறகும் பத்தட்டும் என்று யோசித்து வாங்குவது நியாயம்தான், ஆனால் இரண்டு மாதக் குட்டிக்கு அது ஒரு மண்டபம், ஒரு மூலையில் படுத்து மறு மூலையில் போய்விடும். எழுந்து நிற்க, திரும்ப, காலை நீட்டிப் படுக்க மட்டும் இடம் இருக்கும்படி பலகையோ கம்பித் தடுப்போ வைத்துக் குறுக்குங்கள், வளர வளரத் தள்ளிக்கொண்டு போகலாம். குறுக்கிய பிறகும் உள்ளேயே போனால், மேலே சொன்ன அந்தக் குணம் மழுங்கிய குட்டியாக இருக்கலாம். அதற்கு இன்னும் குறுக்குவது கொடுமை, பயனும் இல்லை.

உள்ளே விரித்திருக்கும் தடித்த துவாயையும் மெத்தையையும் எடுத்துவிடுங்கள். பெய்த மூத்திரத்தை அவை உறிஞ்சிவிடுவதால் குட்டிக்கு நனைந்த உணர்வே இருக்காது. கொழும்பு வெக்கையில் வெறும் தட்டில் படுப்பது குட்டிக்குக் கஷ்டமும் இல்லை, குளிர்ச்சியாகத்தான் இருக்கும். காற்றுப் படுகிற இடத்தில், பின்னேர வெயில் அடிக்காத பக்கத்தில் வையுங்கள்.

எப்போது போகிறது என்றும் பாருங்கள். பூட்டி நாலைந்து மணித்தியாலம் கழித்துப் போனால் பிழை நேரத்தில். இரண்டு மாதக் குட்டியால் பகலில் இரண்டு மூன்று மணித்தியாலத்துக்கு மேல் தாங்க முடியாது, மாதம் ஒன்றுக்கு ஒரு மணித்தியாலம், அதோடு ஒன்று கூட்டிக்கொள்ளலாம் என்பது பொதுவான கணக்கு, ஷிட்சூ, பொமரேனியன் போன்ற சின்ன இனங்களுக்கு அதிலும் குறைத்துக்கொள்ளுங்கள். கொழும்பின் காலி வீதி நெரிசலில் மாட்டி நீங்கள் வீடு வரப் பிந்தியதற்குக் குட்டி பொறுப்பில்லை. ஆட்கள் இருக்கும்போது சுத்தமாக இருந்து, தனியே விட்ட பத்து நிமிடத்தில் எச்சில் வடித்து, கம்பியைக் கடித்து, மலமும் போய்விட்டால் அது பயம். பட்டாசுக்கும் இடிக்கும் அப்படி நடக்கும். பயந்த குட்டிக்கு முதலில் தனிமை பழக வேண்டும், கழிப்பறைப் பழக்கம் அதற்குப் பிறகுதான்.

கதவைத் திறந்து வையுங்கள்

உள்ளேயே போய்ப் பழகிய குட்டிக்கு நான் சொல்வது இதுதான்: கொஞ்ச நாளைக்குக் கூட்டைப் பூட்டவே வேண்டாம். குசினி மூலையிலோ விறாந்தையிலோ ஒரு சிறு இடத்தைத் தடுப்பு வைத்து அடையுங்கள். ஒரு ஓரத்தில் கதவு திறந்தபடி கூடு. எதிர் ஓரத்தில், எட்ட முடிந்த அளவு தூரத்தில், போகிற இடம். படுக்கை வேறு, போகிற இடம் வேறு என்று முன்பு காட்டப்படாத பாடத்தை இப்போது இந்த இடைவெளி காட்டும். மூன்று நேரச் சாப்பாட்டையும் கூட்டுக்குள்ளேயே வையுங்கள், விளையாட்டுச் சாமானையும் அங்கேயே போடுங்கள், ஏனென்றால் சாப்பிடுகிற இடத்தை விட்டுத் தள்ளிப் போகத்தான் குட்டி பார்க்கும்.

போகிற இடத்துக்கு, வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைத் தொடர்மாடிகளில் இருப்பவர்களுக்கு நல்ல வழி, நாற்றுமேடையில் விற்கிற புல் பாளத்தை ஒரு அகலமான பிளாஸ்டிக் தட்டில் பரப்பி, தண்ணீர் வடியச் சில துளை போட்டு, கீழே இன்னொரு தட்டை வைத்துப் பல்கனியில் வைப்பது. கீழ்வீட்டுக்காரரின் பல்கனியில் சொட்டக் கூடாது, அதைக் கட்டாயம் கவனியுங்கள். பழைய பத்திரிகை போட்டும் பழக்கலாம், ஆனால் பிறகு தரையில் கிடக்கிற எந்தப் பத்திரிகையிலும் போய்விடும், அதனால் எனக்குப் புல்தான் பிடிக்கும், நாளைக்கு வெளியே புல்லில் இறக்கிவிடும்போதும் அதற்குக் குழப்பம் இருக்காது. தடுப்பூசிகள் முடியும்வரை, அதாவது ஏறக்குறைய பதினாறு கிழமை வயதில் போடும் கடைசி ஊசிக்குப் பிறகு வைத்தியர் சரி சொல்லும்வரை, தெருநாய்கள் போய்வருகிற ஒழுங்கையில் குட்டியைத் தரையில் விட வேண்டாம். பார்வோக் கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். மழைத் தண்ணீர் தேங்கிய இடத்தில் எலிக்காய்ச்சல் பயமும் இருக்கிறது, அதற்கும் சேர்த்து ஊசி போட்டாயிற்றா என்று கேளுங்கள்.

இனி நேரம். தூங்கி எழுந்த உடனே, சாப்பிட்டு ஐந்து நிமிடத்திலிருந்து அரை மணித்தியாலத்துக்குள், விளையாடி முடிந்ததும், படுக்க முன், இவை தவிரப் பகலில் மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, குட்டியைப் புல் தட்டுக்குக் கொண்டுபோங்கள். நடத்திக்கொண்டு போனால் வழியிலேயே குந்திவிடும், தூக்கிக்கொண்டு போங்கள். வாரைக் கையில் பிடித்துக்கொண்டு பேசாமல், விளையாடாமல், ஐந்து நிமிடம் நில்லுங்கள். போனால், போய் முடித்த அந்தக் கணமே, அதே இடத்தில், அவித்த கோழி இறைச்சியில் ஒரு சின்னத் துண்டு. உள்ளே வந்த பிறகு கொடுத்தால் உள்ளே வந்ததற்குக் கொடுத்ததாகத்தான் அது நினைக்கும்.

போகவில்லை என்றால் என்ன செய்வது என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஐந்து நிமிடம் நின்று பார்த்துவிட்டு "இதற்கு வரவில்லை" என்று கூட்டுக்குள் விடுவார்கள், விட்ட கையோடு அது உள்ளே போய்விடும். தட்டில் போகாத குட்டியைக் கூட்டுக்கும் விடாதீர்கள், வீட்டுக்குள் சுதந்திரமாகவும் விடாதீர்கள். மடியில் வைத்திருங்கள், அல்லது வாரை இடுப்பில் கட்டிக்கொண்டு உங்கள் வேலையைப் பாருங்கள். பத்து நிமிடம் கழித்து மறுபடி தட்டு. நாலு தடவை போய் வர வேண்டி வந்தாலும் சரி. நாள் முழுக்க இதற்கே சரியாகிவிடும் என்று தோன்றும், முதல் சில நாட்கள் உண்மையாகவே அப்படித்தான், அதனால் லீவு எடுக்க முடிந்த கிழமையில் தொடங்குவது நல்லது.

இரவில் கடைசிச் சாப்பாடு படுக்கைக்கு மூன்று மணித்தியாலம் முன்னால் முடிந்திருக்கட்டும். தண்ணீரைப் படுக்க முன் ஒரு மணித்தியாலம் அளவுக்கு எடுத்து வைக்கலாம், பகலில் மட்டும் ஒருபோதும் எடுக்க வேண்டாம், இந்தப் புழுக்கத்தில் அது ஆபத்து. கூட்டை உங்கள் கட்டிலருகே வைத்தால் குட்டி முனகுவது கேட்கும். நடுச்சாமத்தில் ஒரு தடவை, விடிய ஒரு தடவை அலாரம் வைத்து எழும்புங்கள், அது கத்தும்வரை காத்திருக்க வேண்டாம். விளக்கைப் பெரிதாகப் போடாமல், கொஞ்சாமல், தட்டு, பிறகு திரும்பப் படுக்கை.

கழுவுவது

மணம் மிஞ்சினால் எல்லாம் வீண். உங்கள் மூக்குக்குத் தெரியாதது குட்டியின் மூக்குக்குத் தெரியும், மணக்கிற இடத்தில்தான் மறுபடியும் போகும். செல்லப்பிராணிக் கடையில் என்சைம் கலந்த துப்புரவு திரவம் கேட்டு வாங்குங்கள், அது மூத்திரத்தில் உள்ள பொருளையே உடைக்கும். கிடைக்காவிட்டால் சவர்க்காரத் தண்ணீரால் கழுவி, வினாகிரியையும் தண்ணீரையும் சமமாகக் கலந்து துடைத்து, காய்ந்த பிறகு அப்பச்சோடா தூவிக் கொஞ்சம் வைத்துத் துடையுங்கள். மார்பிள், டெரசோத் தரைக்கு வினாகிரி ஆகாது, பளபளப்புப் போய்விடும். தரையோட்டு இடுக்குகளிலும் கூட்டின் தட்டுக்கு அடியிலும் மூத்திரம் தங்கியிருக்கும், இருட்டில் புற ஊதா டார்ச் அடித்தால் பழைய இடம் மினுங்கித் தெரியும்.

பினாயிலும் டெட்டோலும் எங்கள் எல்லார் வீட்டிலும் இருக்கும். குட்டி படுக்கிற, நக்குகிற இடத்தில் இரண்டையும் பாவிக்க வேண்டாம், அந்த வகைக் கிருமிநாசினி குட்டிக்கு நஞ்சு. மூத்திரத்தின் மேல் ப்ளீச் ஊற்றவும் கூடாது, அதிலுள்ள அமோனியாவோடு சேர்ந்து நச்சு வாயு கிளம்பும், மூடிய குளியலறையில் அது மனிதருக்கே ஆபத்து. மலத்தை அன்றன்றே எடுத்துவிடுங்கள். உருண்டைப்புழு முட்டைகள் தொற்றுகிற நிலைக்கு வர இரண்டு கிழமையாவது எடுக்கும் என்பதால் தினமும் எடுக்கிற வீட்டில் சின்னப் பிள்ளைகளுக்கு ஆபத்து மிகக் குறைவு. குட்டி உடம்பில் பூசிக்கொண்டால் இளஞ்சூட்டுத் தண்ணீரில் கழுவித் துடைத்துவிடுங்கள், ஊத்தையோடு இருப்பது அதற்குச் சாதாரணமாகிவிடக் கூடாது.

தவறிப் போனால் மூக்கைப் பிடித்து அதில் தேய்ப்பது, பத்திரிகையைச் சுருட்டி அடிப்பது என்று அப்பப்பா காலத்து வைத்தியம் இன்னும் இருக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். உங்கள் முன்னால் போனால் அடி விழும் என்பது மட்டும்தான் அதற்கு விளங்கும், பிறகு கட்டிலுக்கு அடியில் ஒளித்துப் போகும், தட்டில் நீங்கள் பக்கத்தில் நின்றால் போகவே போகாது, சில குட்டிகள் மலத்தைத் தின்று மறைக்கவும் பார்க்கும். போய்க்கொண்டிருக்கும்போது கண்டால் சத்தமில்லாமல் தூக்கித் தட்டில் விடுங்கள். முடிந்த பிறகு கண்டால் துடைத்துவிட்டு அடுத்த தடவை நேரத்தை முன்னால் கொண்டுவாருங்கள். வீட்டில் அம்மம்மா, பிள்ளைகள், வேலைக்கு வருகிற அக்கா எல்லாரும் ஒரே மாதிரிச் செய்ய வேண்டும், அதனால் குளிர்சாதனப் பெட்டியில் ஒரு தாள் ஒட்டி, போன நேரத்தையும் தின்ற நேரத்தையும் எழுதிவையுங்கள், சில நாளில் குட்டியின் சொந்த நேரம் உங்களுக்கே தெரிந்துவிடும்.

இரண்டு கிழமை அளவுக்குக் கூடு சுத்தமாக இருந்தால் கதவைச் சாத்தத் தொடங்கலாம், ஆனால் தட்டில் போய் முடித்த உடனே மட்டும், அதுவும் நீங்கள் பக்கத்தில் இருக்க ஐந்து நிமிடம், பிறகு பத்து, பிறகு அரை மணித்தியாலம். ஒரு நாள் உள்ளே போய்விட்டால் முந்தைய அளவுக்குத் திரும்புங்கள். மாதங்கள் போயும் சரிவராத குட்டியும் உண்டு, அதற்குக் கூட்டை விட்டுவிட்டுத் தடுப்பு வைத்த மூலையே போதும், கூடு இல்லாமல் வளர்ந்த நல்ல நாய்கள் எத்தனையோ.

ஊசி முடிந்து வெளியே கொண்டுபோகும் நாளில், தட்டிலிருந்து நனைந்த புல் கொஞ்சத்தைப் பிடுங்கி ஒரு பையில் எடுத்துப்போய், நீங்கள் தெரிந்தெடுத்த இடத்தில் போட்டு, அதே வாரோடு, அதே மாதிரிப் பேசாமல் நில்லுங்கள். மே மாதத்திலிருந்து அடிக்கிற மழையில் நனைய மறுக்கும் குட்டிகளுக்குக் குடை பிடிக்க வேண்டி வரும், கூரை உள்ள ஒரு ஓரத்தையும் முன்கூட்டியே பார்த்து வையுங்கள். பல்கனித் தட்டை உடனே எடுத்துவிட வேண்டாம், வெளியே ஒழுங்காகப் போகத் தொடங்கி ஒரு மாதமாவது அது அங்கேயே இருக்கட்டும். மலம் அள்ளப் பையும் மறக்காமல் கொண்டுபோங்கள்.